மழை நாளில் முதல் வகுப்பு: பர்மாவில் பாலர் பள்ளி வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பர்மாவில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம். மழை வலுப்பதும் அதே சமயத்தில்தான். அப்படியென்றால் மூன்று வயதுப் பிள்ளை முதல்முறையாகப் பள்ளிக்கு வரும் காலை எப்படி இருக்கும்? தலைக்கு மேல் குடை, காலில் சேறு, ஒரு கையில் அம்மாவின் விரல், கண் நிறையத் தண்ணீர். ரங்கூனுக்கு வடகிழக்கே பெகு (இன்றைய பகோ) பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் வாழும் ஊர் ஒன்றில் கோயிலை ஒட்டிய மனையில் பாலர் பள்ளி கட்ட வரைபடம் கேட்டார்கள். நான் நோட்டில் முதலில் எழுதிக்கொண்டது அந்தக் காலையைத்தான். அந்தப் பிள்ளை குடையை எங்கே வைக்கும், காலை எங்கே கழுவும், எதைப் பார்த்து அழுகையை மறக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தபோது பாதி வரைபடம் முடிந்திருந்தது.

கற்பனை வளமுள்ள பாலர் பள்ளி என்றதும் பலருக்கு நினைவு வருவது யானை முக வாசலும் சுவர் முழுக்கக் கார்ட்டூன் பொம்மைகளும்தான். பிள்ளைகள் அதை ஒரு வாரம் பார்ப்பார்கள், அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரை எத்தனை நாள் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கையில் பிடிப்பார்கள், நாக்கை நீட்டுவார்கள், ஓலையை நனைப்பார்கள். என் வேலை முழுக்க இதைச் சுற்றித்தான்: இந்த மண்ணில் ஏற்கெனவே இருக்கும் மழையையும் மரத்தையும் திண்ணையையும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறக்கிக் கொடுப்பது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பர்மிய மொழியில் பள்ளிக்கூடத்துக்கும் புத்த மடத்துக்கும் ஒரே சொல்தான், சௌங். தமிழில் 'பள்ளி' என்ற சொல்லும் ஒருகாலத்தில் சமண, பௌத்தத் துறவிகள் தங்கிய இடத்தைக் குறித்ததுதான். இரண்டு மொழியிலும் படிப்பு தொடங்கியது ஒரு கூரையின் கீழே, மரத்தடிக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்து. நாற்காலி மேசை போட்ட வகுப்பறை வெகுநாள் கழித்து வந்தது. அதனால் தரையையும் நிழலையும் மையமாக வைத்துத் தொடங்கினால் இங்கே எந்தக் குடும்பத்துக்கும் அந்நியமாகத் தெரியாது.

கீழே சொல்வது 40 பிள்ளைகள் படிக்கும், ஒரே தளம் கொண்ட சிறிய பள்ளிக்கானது.

மனையில் ஒரு முழு நாள்

வரைபலகையைத் தொடுவதற்கு முன் மனையில் விடியலிலிருந்து இருட்டும்வரை உட்காருங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு நாள், மார்ச் வெயிலில் ஒரு நாள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது, நாய்கள் மதியத்தில் எங்கே படுக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். நாய் படுக்கும் இடம்தான் மனையிலேயே குளிர்ச்சியான இடம், தயங்காமல் நம்பலாம்.

ரங்கூனில் ஆண்டுக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாதத்துக்கு 500 மில்லிமீட்டரைத் தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்று என்பதால் சாரல் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கத்தில்தான் ஆழமான தாழ்வாரம் வேண்டும், பெரிய சன்னல் கூடாது. வாசலை வடகிழக்கில் வையுங்கள், குடையை மடக்கும் நேரத்தில் பிள்ளை நனையாது. மேற்குச் சுவர் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடுப்புபோலக் காயும். சாமான் அறையையும் கழிப்பறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டால் வகுப்பறைக்கு அவையே கவசம்.

வெளிநாட்டிலிருந்து வந்த கட்டட நூல்களைப் பார்த்து வரைபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெகு இருப்பது ஏறக்குறைய 17 பாகை வடக்கில். மே இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்டு தொடக்கம்வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும். அதனால் வடக்குப் பக்கச் சன்னலுக்கும் கூரை நீட்டம் தேவை.

மரங்களை அளந்து வரைபடத்தில் போடுங்கள். கட்டடத்தை மரத்துக்கு இடம் விட்டு வளையுங்கள். எங்கள் மனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் இருந்தது. ரங்கூன் தெருக்களில் நிழல் தருவதும் இதே மரம்தான். சாயங்காலமானால் இலை மடக்கித் தூங்கும், மழை இருட்டினாலும் மடக்கிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய அதிசயம் எந்தப் பொம்மையில் இருக்கிறது? வகுப்பறைச் சன்னல் ஒன்றை அந்த மரத்தின் தாழ்ந்த கிளைக்கு நேராக வைத்தேன். மழை வருமுன் இலை மடங்குவதைப் பார்த்துத்தான் அவர்கள் இப்போது செருப்பை உள்ளே எடுத்து வைக்கிறார்கள்.

டோக்கியோவின் மேற்கே தாச்சிகாவாவில் 2007-ல் கட்டி முடிந்த ஃபுஜி மழலையர் பள்ளியில் பழைய மரங்களை வெட்டாமல் கூரையைத் துளைத்து மேலே போகவிட்டிருக்கிறார்கள். கட்டடக் கலைஞர்களான தெஸுகா தம்பதியர் செய்தது. நீள்வட்டக் கூரைமேல் பிள்ளைகள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். கூரைமேல் ஓடுவதை நம் மழையில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முடிவில்லாத வட்டப் பாதை என்ற எண்ணத்தைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவர முடியும். அதைத்தான் செய்தோம்.

கோலமாவில் வரைபடம்

காகிதத்தில் போட்ட வரைபடம் பள்ளிக் கமிட்டிக்குப் புரியாது, பிள்ளைகளுக்கு அறவே புரியாது. மனையைச் சுத்தம் செய்து, மூலைகளில் மூங்கில் குச்சி அடித்து, கயிறு கட்டி, முழு அளவில் தரையிலேயே வரையுங்கள். நாங்கள் சுண்ணாம்பும் கோலமாவும் கலந்து போட்டோம். ஊர்ப் பெண்கள் நான்கு பேர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், கோணல் இல்லாமல். அப்புறம் பிள்ளைகளை உள்ளே விட்டோம்.

அன்று கற்றுக்கொண்டது நிறைய. தாழ்வாரக் கோட்டில் எல்லோரும் ஓடினார்கள். ஒரு சிறுமி மட்டும் வடக்கு மூலை வரை ஓடிவந்து, கோடு மடங்கும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டாள். முட்டியில் முகத்தை வைத்து மற்றவர்களைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற சயாமா (ஆசிரியைகளை இங்கே நாம் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார்: "அண்ணே, அது ஒளிஞ்சுக்க இடம் கேக்குது. அங்க ஒரு பொந்து வச்சிடுங்க."

வைத்தோம். இரண்டே முக்கால் அடி உயரம், மூன்றடி ஆழம், உள்ளே மழமழவென்று மண்பூச்சு, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து உட்காரலாம். பெரியவர்கள் நுழைய முடியாது, ஆனால் எட்டிப் பார்க்க முடியும். வங்கதேசத்தில் ருத்ராபூர் கிராமத்தில் அன்னா ஹெரிங்கர் வடிவமைத்த மெட்டி பள்ளியிலும், மண்சுவர் வகுப்பறைகளுக்குப் பின்னால் இப்படிக் குகை மாதிரி இடங்கள் உண்டு. மண்ணும் மூங்கிலும் கொண்டு கட்டிய அந்தப் பள்ளிக்கு 2007-ல் ஆகா கான் விருது கிடைத்தது. எல்லாப் பிள்ளையும் கூட்டத்தில் இருக்க விரும்பாது. அழுது முடிக்க ஒரு மறைவு கிடைத்தால் அது தானாகவே வெளியே வரும்.

அளவுகள்

1907-ல் ரோமில் மரியா மாண்டிசோரி 'குழந்தைகளின் வீடு' தொடங்கியபோது நாற்காலியையும் அலமாரியையும் பிள்ளை அளவுக்குச் செய்தார். அதே அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இவ்வளவு காலமாகியும் நம் பள்ளிகளில் கை கழுவும் தொட்டி பெரியவர் இடுப்பு உயரத்தில்தான் இருக்கிறது.

மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை மூன்றடியிலிருந்து மூன்றரை அடிக்குக் கொஞ்சம் மேல் நிற்கும். கண் மட்டம் மூன்றடிக்குச் சற்றுக் கீழே மேலே. ஆகவே சன்னல் அடிமட்டம் ஒன்றரை அடி. உட்காரும் திண்ணை 10 முதல் 11 அங்குலம். கை கழுவும் தொட்டி விளிம்பு 20 அங்குலம். படி உயரம் 5 அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அகலம் ஒரு அடியாவது இருக்கட்டும். பெரியவர் கைப்பிடிக்குக் கீழே, 22 அங்குலத்தில் இன்னொரு கைப்பிடி. தாழ்வாரத் தடுப்பில் குத்துக் கம்பிகளுக்கு இடைவெளி 4 அங்குலத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். படுக்கைவாட்டில் சட்டம் வைக்காதீர்கள், ஏணியாக்கிவிடுவார்கள்.

வகுப்பறை பிள்ளைக்கு 30 சதுர அடி என்று வைத்தேன். 20 பேருக்கு ஓர் அறை, 20க்கு 30 அடி. அப்படி இரண்டு. பணம் குறைந்தால் அறையைச் சுருக்குங்கள், தாழ்வாரத்தைச் சுருக்காதீர்கள். எட்டடித் தாழ்வாரம்தான் மழைக்கால விளையாட்டுத் திடல்.

வாசல்

இங்கே தாராளமாகச் செலவழியுங்கள், பணமானாலும் யோசனையானாலும். அழுகை நடப்பது இங்கேதான்.

பர்மாவில் சாலையோரம் மண்பானைகளை வரிசையாகச் சின்னக் கூரையின் கீழ் வைத்திருப்பார்கள், வழிப்போக்கர் குடிப்பதற்காக. யே ஓ ஸின் என்று பெயர். நம் தண்ணீர்ப் பந்தலேதான், வேறென்ன? பள்ளி வாசலில் அப்படி ஒன்று, பிள்ளை உயரத்தில் வைத்தோம். மூன்று பானை, மூடி, நீளக் கைப்பிடி அகப்பை. வரும் பிள்ளை தானே மொண்டு காலைக் கழுவ ஒரு பானை, குடிக்க இரண்டு. குடிதண்ணீர் காய்ச்சி ஆறவைத்து ஊற்றியது. முதல் நாள் அம்மாவின் சேலையை விடாத பையன் ஒருவன் அகப்பையைப் பார்த்ததும் விட்டுவிட்டான். மற்ற பிள்ளைகளின் காலுக்கெல்லாம் அவன்தான் தண்ணீர் ஊற்றினான், கால் மணி நேரம்.

அடுத்தது குடைக்கு இடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மூங்கில் குழாய் ஒன்று, அடியில் ஓட்டை, கீழே சரிவான வாய்க்கால். குழாயில் பெயர் எழுதாமல் படம் செதுக்கினோம்: மீன், வெற்றிலை, முருங்கைக்காய், படகு, தலைப்பாகை. படிக்கத் தெரியாத பிள்ளை தன் படத்தைக் கண்டுபிடித்துவிடும். செருப்புக்குத் திண்ணையின் கீழேயே பொந்துகள். நாமும் பர்மியரும் செருப்பைக் கழற்றித்தான் உள்ளே போகிறோம், அதனால் உட்கார்ந்து கழற்ற அகலமான திண்ணை வேண்டும். பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பாட்டிமார்களுக்கும் அதே திண்ணையில் ஒரு பகுதி 16 அங்குல உயரம் இருக்கட்டும். அவர்கள் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவார்கள், அது பள்ளிக்கு நல்லதுதான்.

கூரை

முன்பு ஒரு பள்ளிக்கு நான் வெறும் தகரக் கூரை போட்டேன். ஜூலை மாதம் போய்ப் பார்த்தேன். மழை அடித்துக்கொண்டிருந்தது. ஆசிரியை பாட்டை நிறுத்திவிட்டுக் கைச்சாடையில் பேசிக்கொண்டிருந்தார், நாலைந்து பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டிருந்தன. மூன்று மாதம் அந்த அறையில் யாரும் கதை கேட்கவில்லை. அது என் தவறு. அதற்குப் பிறகு தகரத்தின் கீழே ஒன்பது அங்குலம் இடைவெளி விட்டு மூங்கில் தட்டி அடித்து, அதன்மேல் காய்ந்த தென்னை நார் பரப்பாமல் ஒரு கூரைகூடப் போட்டதில்லை. இரைச்சல் முக்கால்வாசி அடங்கிவிடும், வெக்கையும் குறையும். முகட்டில் காற்றுப்போக்கி விடுங்கள். மின்வெட்டு இங்கே அன்றாட விஷயம், மின்விசிறியை நம்பி அறை கட்டக் கூடாது.

டனி ஓலை பற்றிக் கேட்பார்கள். ஆற்றோரம் வளரும் நீப்பாப் பனையின் ஓலை அது. குளிர்ச்சிக்கும் அழகுக்கும் ஈடில்லை, ஆனால் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும், தீயும் பிடிக்கும். தோட்டத்துக் கொட்டகைக்குப் போடுங்கள், வகுப்பறைக்கு வேண்டாம்.

சரிவு 30 பாகைக்குக் குறையாமல், நீட்டம் நான்கடி. ஆனால் நீட்டம் பெரிதானால் புயலில் காற்று அதைப் பிடித்துத் தூக்கும். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை என்ன செய்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கைமரத்தையும் இரும்புப் பட்டையால் பீமோடு கட்டுங்கள், பீமைத் தூணோடு, தூணை அடித்தளத்தோடு. ஆணியை மட்டும் நம்பாதீர்கள்.

முற்றம்

செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் பர்மாத் தேக்கு. கப்பலில் இங்கிருந்துதான் போனது. அந்த வீடுகளின் நடுவே இருக்கும் முற்றத்தை நாம் இங்கே திருப்பிக் கொண்டுவரலாம் என்று எனக்கு நெடுநாள் ஆசை. இரண்டு வகுப்பறைக்கும் நடுவே 16க்கு 20 அடியில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தாழ்வாரம். பிள்ளைகள் சுற்றி ஓடும் வட்டப் பாதை அதுதான்.

கணக்கு ஒன்று: 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் தண்ணீர் விழும். எல்லாக் கூரையையும் முற்றத்துக்குள் சரித்தால் வெள்ளமாகிவிடும். உட்புறச் சரிவு மட்டும் முற்றத்துக்கு, மற்றதெல்லாம் வெளியே வாய்க்காலுக்கு. முற்றத்துப் பீலிகளின் (கூரை விளிம்பில் தண்ணீர் ஓடும் காடிகளின்) மூலையில் குழாய் வைக்காமல் சங்கிலி தொங்கவிட்டோம். மழை பிடித்தால் தண்ணீர் சங்கிலி வளையங்களில் சுற்றிச் சுற்றி இறங்கி, அடியில் இருக்கும் குழிவான கருங்கல்லில் விழும். தூறலில் ஒரு சத்தம், அடைமழையில் வேறொரு சத்தம். நான்கு மூலையில் நான்கு விதம்: இந்தக் கல், கவிழ்த்த பானை, மூங்கில் துண்டு, தகர டப்பா. பிள்ளைகள் கண்ணை மூடி எந்த மூலை என்று சொல்லும் விளையாட்டை அவர்களே கண்டுபிடித்தார்கள்.

முற்றத்தின் பள்ளம் ஆறு அங்குலம் போதும். தரைக்கு 100க்கு 1 சரிவு, வெளியேறும் வாய்க்காலுக்கு வலை. மழை நின்ற அரை மணியில் உலர்ந்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும், அது கடிப்பது பகலில், அதாவது பள்ளி நேரத்தில். பழைய டயரை விளையாட்டுச் சாமானாகப் போடுபவர்கள் ஒவ்வொன்றிலும் அடியில் நாலைந்து ஓட்டை போட்டுவிட்டுப் போடுங்கள்.

நிலநடுக்கம்

2025 மார்ச் 28 நண்பகலுக்குப் பிறகு வந்த 7.7 அளவு நிலநடுக்கம் மாந்தளையையும் சகாயினையும் குலைத்தது. அதற்குக் காரணமான சகாயின் பிளவு நாட்டின் நடுவே வடக்குத் தெற்காக ஓடி, பெகு அருகேயும் போகிறது. 1930 மே 5 அன்று வந்த நிலநடுக்கத்தில் பெகுவின் ஷ்வேமாடோ பகோடா சரிந்து விழுந்தது. இந்தப் பகுதியில் பிள்ளைகளுக்குக் கட்டும் எவரும் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

கமிட்டிப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, இம்புட்டுச் செலவு பண்றோம், மேல ஒரு மாடி எழுப்பிடலாமே?" நான் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து அவர் முன் வைத்தேன். பகோடா வாசலில் விற்கும் காகிதக்கூழ்ப் பொம்மை, பிட்தைந்தௌங். எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும், பெயருக்கும் அதுதான் பொருள். நம் தஞ்சாவூர் ராஜா ராணிப் பொம்மையும் அப்படித்தானே? அடி கனம், மேல் லேசு. அவர் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். அப்புறம் மாடிப் பேச்சை எடுக்கவில்லை.

ஆக, கனமெல்லாம் கீழே. செங்கல் சுவர் மூன்றடி வரை மட்டும், அதற்கு மேல் மரச்சட்டத்தில் மூங்கில் தட்டி. தரைமட்டத்திலும் கதவு, சன்னலின் மேற்கட்டை (லிண்டல்) மட்டத்திலும் கட்டடத்தைச் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை, மூலைதோறும் குத்துக் கம்பி. தண்ணீர்த் தொட்டியைக் கூரைமேல் ஏற்றாமல் தனி மேடையில் தள்ளி வையுங்கள். அலமாரிகளைச் சுவரோடு திருகுங்கள். ஒவ்வோர் அறைக்கும் வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவு. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திடாமல் அடித்தளம் தோண்டவே தோண்டாதீர்கள், எவ்வளவு அனுபவமுள்ள கொத்தனார் இருந்தாலும் சரி.

மூங்கில்

மூங்கில் மலிவு, லேசு, பிள்ளைகளின் கைக்கு இதமானது. ஒழுங்காகச் செய்யாவிட்டால் இரண்டு மழையில் பொடியாக உதிரும்.

மூன்று முதல் ஐந்து வயது முற்றிய மூங்கிலாக, மழை விட்ட பிறகு, நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் வெட்டியதாக வாங்குங்கள். அப்போது மாவுச்சத்து குறைவு, வண்டு அவ்வளவாக நாடாது. கணுக்களை நீளக் கம்பியால் துளைத்து, 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ வெண்காரம் (போராக்ஸ்), 2 கிலோ போரிக் அமிலம் கரைத்த தொட்டியில் ஒரு வாரம் பத்து நாள் முழுக்க அமிழ்த்தி வையுங்கள். நிழலில் காயவையுங்கள். தொட்டி இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகள் வரக் கூடாது. மூங்கில் தூணை மண்ணில் நடாதீர்கள், ஒன்றரை அடிக் கான்கிரீட் பீடத்தின்மேல் நிறுத்துங்கள். தட்டியின் வெட்டுமுனைகளைத் துணி வைத்துத் தேய்த்துப் பாருங்கள், நூல் மாட்டினால் பிள்ளையின் விரலும் மாட்டும்.

கனமான தூணுக்கு பியிங்கடோ மரம், கிடைத்தால் பழைய வீடு இடித்த தேக்கு. மாந்தளைக்கு அருகே இன்வாவில் பகயா மடம் 267 தேக்குத் தூண்களில் எழுப்பப்பட்டது. முடிந்தால் பிள்ளைகளை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய்த் தூணைக் கட்டிப்பிடிக்கச் சொல்லுங்கள். நம் பள்ளியிலும் ஒரு தூணையாவது பிள்ளை இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கும் பருமனில், சாயம் அடிக்காமல் விடுங்கள்.

சுவரில் எழுத்து

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் பர்மிய மொழியும் பேசுகிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கோயிலில் நடக்கும் வார வகுப்பில்தான். பள்ளியின் சுவரே இரண்டு எழுத்தையும் கற்றுக் கொடுக்கட்டும் என்று நினைத்தேன். தாழ்வாரத்துக் கட்டைச் சுவரில், இரண்டடி உயரத்தில், பூச்சு ஈரமாக இருக்கும்போதே எழுத்துகளைப் பள்ளமாகக் கீறினோம். அரை அங்குல அகலம், ஒரு சின்ன விரல் ஓடும் ஆழம். பர்மிய 'வ' முழு வட்டம். அதற்குப் பக்கத்தில் தமிழ் 'ட', நேர்கோடும் மூலையும். அப்புறம் 'ப', 'ம', கடைசியில் சுழித்துப் போகும் 'இ'. ஓடிக்கொண்டே விரலை இழுத்துப் போவார்கள், மழைத் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றி எழுத்து நிரம்புவதைப் பார்ப்பார்கள். ஒரு கட்டளை: கீறும் வேலையை நல்ல கையெழுத்துள்ளவரிடம் கொடுங்கள். கோணலாக எழுதிய 'இ' முப்பது ஆண்டு அங்கேயே இருக்கும்.

பக்கத்தில் ஒரு தாழ்ந்த மேடை, அதில் இரண்டு கல். ஒன்று பர்மியர் முகத்தில் பூசும் தனக்கா அரைக்க, ஒன்று சந்தனம் இழைக்க. கட்டையைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வேலை இரண்டிலும் ஒன்றுதான். காலையில் பர்மியப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருவர் கன்னத்தில் ஒருவர் பூசிவிடுகிறார்கள்.

தோட்டம்

ஃப்ரெடரிக் ஃப்ரோபெல் 1840-ல் தன் பள்ளிக்கு வைத்த பெயரின் பொருளே 'குழந்தைகளின் தோட்டம்'. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு பாத்தி கொடுத்தவர் அவர். நாங்களும் இரண்டுக்கு மூன்றடிப் பாத்தி, இரண்டு பிள்ளைக்கு ஒன்று என்று கொடுத்தோம். கீரை, வெண்டை, புளிச்சக்கீரை. புளிச்சக்கீரை இரண்டு சமையலறையிலும் வேகும், சீக்கிரமும் வளரும்.

வாசல் பக்கம் ஒரு படாவு மரம் நடுங்கள். வேங்கையின் உறவு. ஏப்ரல் முதல் மழை விழுந்ததும் ஒரே நாளில் மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். ஒரு பனை, ஓலைக் காற்றாடிக்கு. தென்னையை விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் விடாதீர்கள்.

கோயில் மனை என்றால் இதைக் கேளுங்கள். பூசைக்கு அரளி வளர்ப்பார்கள். மஞ்சள் அரளியும் இருக்கும். இரண்டும் விஷம், இலை, பூ, காய் எல்லாமே. குன்றிமணி, ஆமணக்கு விதை, ஊமத்தையும் அப்படியே. பூசாரியிடம் மரியாதையாகச் சொல்லி அரளியை வேலிக்கு அப்பால் மாற்றி, இந்தப் பக்கம் செம்பருத்தி நட்டோம். அவரே தன் கையால் நட்டார். தரையோடு தரையாகப் படரும் புதரை வைக்காதீர்கள், கண்ணாடி விரியன் நிறைந்த நாடு இது. கட்டடத்தைச் சுற்றி ஐந்தடிக்கு வெறும் சரளை போடுங்கள்.

கழிப்பறை

பத்துப் பிள்ளைக்கு ஒன்று. குந்தும் வகை, சின்ன அளவு. கதவு பாதி உயரம், தாழ்ப்பாள் இல்லாமல், ஆசிரியை நின்ற இடத்திலிருந்து தலை தெரியும்படி. வகுப்பறையிலிருந்து கூரை விட்டு வெளியே வராமல் போக முடிய வேண்டும். மலக்குழி ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி, மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே. வெளிச்சம் கட்டாயம், இருட்டுக் கழிப்பறைக்குப் பயந்து நாள் முழுக்க அடக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. கூரையில் ஒரு தகடு கண்ணாடி இழையாகப் போட்டால் போதும்.

சமையல் நடந்தால் அடுக்களையைத் தனிக் கட்டடமாக 30 அடி தள்ளிக் கட்டுங்கள்.

திறப்பதற்கு முன்

கட்டட வேலையை மார்ச்சுக்குள் முடியுங்கள். ஏப்ரல் நடுவில் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான தின்ஜான் வரும், நம் சித்திரைப் பிறப்பும் அதே நாட்களில். ஊர் முழுக்க இளைஞர்கள் குழாயும் வாளியுமாகத் திரிவார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்தோம். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் கால் மணி நேரம் தண்ணீர் பீய்ச்சச் சொன்னோம், தென்மேற்குப் பக்கம் சாய்வாக, சாரல் அடிப்பதுபோல. உள்ளே கொத்தனாரும் ஆசாரியும் நானும் சாக்குக்கட்டியோடு நின்று ஒழுகும் இடமெல்லாம் வட்டம் போட்டோம். பதினொரு வட்டம். முற்றத்து வாய்க்கால் ஓரிடத்தில் எதிர்த்துத் தள்ளியது, அதையும் குறித்தோம். ஜூனுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.